அற்புதமணி எழுதிக் கொடுத்த காகிதம்

தூத்துக்குடித் துறைமுகப் பட்டறையில் வேலைநிறுத்தம் முடிந்து எல்லோரும் உள்ளே போனபோது அற்புதமணியை மட்டும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பதினெட்டு வருடம் கடைசல் பிடிக்கும் லேத்தில் நின்றவன். கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசினான் என்பது அவன் பேரில் எழுதிய குற்றம்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருடம். யுத்தத்தில் மிஞ்சிய சாமான்களை ராணுவத்தார் மதுரையில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு லேத்து இருப்பதாகக் கேள்விப்பட்டதும், அற்புதமணி தன் மோட்டார் சைக்கிளை விற்பதென்று முடிவு செய்தான். சொந்தப் பட்டறை போட்டுவிட்டால் இனி எவன் கேட்டிலும் நிற்க வேண்டாம்.

வண்டி அமெரிக்காவில் செய்தது. பெயர் மட்டும் 'இந்தியன்'. பதினாலாம் வருடத்து உருப்படி. பஞ்சுக் கம்பெனி துரை ஒருவர் கப்பலில் வரவழைத்து, உப்புக் காற்றிலும் மணலிலும் ஓட்டி, இன்ஜின் இறுகிப்போனதும் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். பத்து வருடம் மழையில் கிடந்தது. கிட்டங்கியைக் காலி செய்தபோது, அங்கே நின்ற அற்புதமணியிடம், "இந்தத் துருவையும் நீயே தூக்கிட்டுப் போலே" என்று மேஸ்திரி சொன்னார்.

மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அற்புதமணி அந்த வண்டிக்குப் பக்கத்தில்தான் கிடந்தான். கிடைக்காத சாமான்களைத் தானே செய்தான். ஆயில் பம்பைப் பித்தளையில் கடைந்தான். பின் சிலிண்டருக்குப் பிஸ்டன் வார்க்க அவன் மனைவி ஜெயசெல்வி தன் கல்யாணத்துக்கு வந்த அலுமினியப் பானையைக் கொடுத்தாள். முப்பத்தைந்தில் ஒரு நாள் வண்டி முழங்கிக்கொண்டு கிளம்பியது. அதற்கப்புறம் கீழவைப்பார் வரைக்கும் லாஞ்சுப் படகு இன்ஜின்களைப் பழுது பார்க்க அதில்தான் போய்வந்தான்.

பாளையங்கோட்டை ஆறுமுகநயினார் பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்ப்பவர். அற்புதமணி கடிதம் போட்ட நாலாம் நாள் மாப்பிள்ளையூரணியில் அவன் வீட்டுக்குக் காரில் வந்துவிட்டார். பின்னாலேயே ஒரு லாரியும் வந்தது.

வந்தவர் அங்கவஸ்திரத்தைக் கார்க் கதவில் போட்டுவிட்டு, பட்டு வேட்டியோடு மண்ணில் ஒருக்களித்துப் படுத்து, இன்ஜினுக்கு அடியில் வெட்டியிருந்த நம்பரை எச்சில் தொட்டுத் துடைத்துப் படித்தார். முன் ஸ்பிரிங்கை விரலால் தட்டிப் பார்த்தார். டாங்கின் பழைய சிவப்பை மோந்தே பார்த்தார். அற்புதமணிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இத்தனை வருடத்தில் வண்டி தெரிந்த ஒரு மனிதர்.

"நம்பர் சரியா இருக்கு. பதினாலுதான்," என்று எழுந்தார். பிறகு ஆயில் பம்பைக் காட்டி, "இது என்னது?" என்றார்.

"நான் கடைஞ்சது அய்யா. பழசு உடைஞ்சு போச்சு. பின் பிஸ்டனும் நம்ம செஞ்சதுதான்."

ஆறுமுகநயினாரின் முகம் சுருங்கியது. "கெடுத்து வச்சிருக்கியே! சரி, போகட்டும். நீ எழுதிச் சொன்ன பணத்தையே தாரேன். ஆனா இதுல ஒரு கையெழுத்து வேணும்."

டைப் அடித்த காகிதத்தை நீட்டினார். அற்புதமணி எழுத்துக் கூட்டாமல் படிப்பான். 'இந்த வாகனத்தைத் துரை அவர்கள் பத்திரமாக வைத்திருக்கும்படி என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் அதில் எவ்வித மாற்றமும் செய்யாமல் அவர்கள் ஊழியனாகக் காத்து வந்தேன்' என்று இருந்தது.

அவன் இரண்டு தரம் படித்தான். காது மடல்கள் சூடேறின.

"அய்யா, இது பொய்."

"பொய்யோ மெய்யோ. துரை வச்சிருந்த வண்டின்னாதான் நாலு பேரு மதிப்பான். தூத்துக்குடிப் பட்டறையில ஒட்டுப்போட்டதுன்னு சொன்னா காறித் துப்புவான். அந்தப் பித்தளையை எல்லாம் கழட்டி எறிஞ்சுட்டு நான் அமெரிக்காவுல இருந்து வரவழைச்சுக்கிடுவேன்."

"துரை இதைக் குப்பையில போட்டுட்டுப் போனாரு. பத்து வருசம் நாய் படுத்துக் கிடந்த வண்டி."

"அதை எதுக்கு வெளிய சொல்லுத? ஒரு கையெழுத்துதானவே."

ஜெயசெல்வி வாசலுக்கு வந்து, "லேத்து போயிரும், பாத்துப் பேசுங்க," என்று மெல்லச் சொன்னாள். அற்புதமணி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சாமான் பெட்டியைத் தூக்கிவந்து வண்டிக்குப் பக்கத்தில் டமாரென்று போட்டான்.

"நீங்க எதுக்கு அய்யா கழட்டணும்? நானே கழட்டுதேன். துரை சாமான் துரைக்கு, என் சாமான் எனக்கு."

இரண்டு மணி நேரம் ஆனது. ஆயில் பம்பு வந்தது. அவன் செய்த கார்புரேட்டர் ஊசி வந்தது. சிலிண்டரைத் தூக்கிப் பிஸ்டனை உருவினான். ஒவ்வொன்றையும் சாக்கின் மேல் வைக்கும்போது, 'வேண்டாம், நிறுத்து' என்று அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் காரில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி நட்டை முறுக்கிவிட்டு நிமிர்ந்தான். "இனி இது ஓடாது."

"நான் ஓட்டவா வாங்குதேன்? என்கிட்ட ஒம்பது வண்டி நிக்கி. ஒண்ணும் ஓடாது. கூடத்துல நிக்கும், பாப்பாங்க. எனக்கு வேலை மிச்சம்."

அற்புதமணிக்கு, அடித்த அடி காற்றில் போன மாதிரி இருந்தது. ஸ்பானரை ஓங்கி டாங்கில் போடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். ஜெயசெல்வி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அடங்கிப் பேசியவள் இப்போது அவரைப் பார்த்துக் கத்தினாள்.

"என் பானையை உருக்கிச் செஞ்ச பிஸ்டன்வே அது! குப்பையில கிடந்ததுக்கு உசுரு குடுத்தவரை ஊழியன்னு எழுதிக் கேக்கீரே, உமக்கு வெக்கமா இல்ல?"

"இந்தாம்மா, மரியாதையாப் பேசு. கையெழுத்து இல்லாம வண்டியை எடுக்க மாட்டேன். காகிதம் இல்லாத வண்டி எனக்கு எதுக்கு?"

"காகிதம்தானே?" என்றான் அற்புதமணி. டைப் அடித்த தாளைத் திருப்பி வைத்து, கிரீஸ் கையோடு பென்சிலால் எழுதினான். 'இந்த வண்டியை அதன் துரை கெடுத்துக் குப்பையில் போட்டார். நான் ஓட வைத்துப் பதினொரு வருடம் ஓட்டினேன். வாங்குகிறவர் கேட்டதால் இன்று ஓடாமல் செய்து கொடுத்தேன். அற்புதமணி, கடைசல்காரன், தூத்துக்குடி.' அதற்குக் கீழே இன்ஜின் நம்பரையும் எழுதினான்.

ஆறுமுகநயினார் படித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "இதை எவன்கிட்டவே காட்டுவேன்?"

"கிழிச்சுப் போடும். ஆனா இந்த நம்பருக்கு இந்த உலகத்துல வேற காகிதம் கிடையாது. லாரி காலியாப் போகுதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

அவர் வண்டியைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். தாளைக் கிழிக்கப் போவதுபோல் இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பணக் கட்டைச் சாக்கின் மேல் எறிந்துவிட்டுக் காரில் ஏறினார். அவருடைய ஆட்கள் வண்டியை லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

அடுத்த மாதம் மதுரையிலிருந்து லேத்து வந்து இறங்கியது. பெல்ட்டை மாட்டும்போதும் அற்புதமணி வாய்க்குள் எதையோ வைதுகொண்டே இருந்தான்.

"இன்னும் கோவம் தீரலியா?" என்றாள் ஜெயசெல்வி.

"தீரல. கூடத்துல நிக்குமாம், பாப்பாங்களாம்."

"அப்ப வைதுக்கிட்டே வேலையப் பாருங்க. லாஞ்சுக்காரரு காலையிலயே வந்து காத்துக் கிடக்காரு."