ஆர்லோ கெம்பர் அடிக்காத பந்து

ஹார்மன் ஃபால்ஸ் ஹெரான்ஸ் பேஸ்பால் அணிக்கு எழுபத்தைந்து வயது நிறைந்த வருடம், ஸ்டேடியத்தின் வாசலில் ஒரு வெண்கலச் சிலை வைப்பதென்று நிர்வாகம் முடிவு செய்தது. அணியின் மறக்க முடியாத தருணம் எது என்று ஊரே ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும். ஊர் யோசிக்கவே இல்லை. பெரும்பாலானோர் ஆர்லோ கெம்பரின் பின்பக்கத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள்.

விஷயத்தை ஆர்லோவிடம் சொல்லும் பொறுப்பு டெனிஸ் ஹாலோரனுக்கு வந்தது. அணியின் விளம்பர வேலைகளைப் பார்க்கிற பெண். தனியாகப் போகத் தயங்கி என்னையும் கூட்டிக்கொண்டாள். நான் ஹெர்ப் லுட்கே. மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற கேட்சராக ஹெரான்ஸில் சேர்ந்தவன். முதல் கேட்சருக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால்தான் எனக்கு வேலை. அந்த மனிதருக்கு ஒரு நாளும் ஒன்றும் வராது. பெஞ்சிலேயே என் இளமை போயிற்று. அந்தக் காலத்து ஆட்களில் ஆர்லோவுக்கு மிச்சமிருந்தவன் நான் ஒருவன்தான்.

ஆர்லோ சாதாரண ஆட்டக்காரன் இல்லை. ஹெரான்ஸ் வரலாற்றில் அவனைவிட அதிகம் பந்தை அடித்தவன் இன்றுவரை கிடையாது. பதினோரு சீசன், எல்லாமே இந்த ஊருக்காக. ஒரு மழை நாளில் அவன் அடித்த பந்து ஸ்கோர் போர்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி, ஆற்றில் போய்க்கொண்டிருந்த நிலக்கரிப் படகில் விழுந்தது. படகு நிற்காமல் தெற்கே போய்விட்டது. அப்படி ஓர் அடியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆனால் மழை என்பதால் அன்றைக்குக் கூட்டமே இல்லை. இருந்தவர்களும் குடைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊர் பார்த்தது வேறொன்றை. 1969 இறுதி ஆட்டம். ஹெரான்ஸ் வென்ற ஒரே கோப்பை அதுதான். கடைசிச் சுற்று, இரண்டு அணியும் சமம், எங்களில் ஒருவன் அவுட்; மூன்று பேர் அவுட்டானால் சுற்று முடிந்தது. ஓடுகிறவன் வரிசையாகத் தொட வேண்டிய மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். மூன்றாவது பேஸில் நின்றது நான். முதல் கேட்சருக்கு அன்றைக்குத்தான் வயிற்றுப்போக்கு. மட்டை பிடித்து நின்றது ஆர்லோ. எதிரணியில் பந்தெறிந்தவன் எலாடியோ மொந்தேரோ, டொமினிக்கன் நாட்டிலிருந்து வந்த ஒல்லிப் பையன். அவன் கையிலிருந்து கிளம்பிய பந்து உள்பக்கமாக வளைந்து வந்து ஆர்லோவின் பின்பக்கத்தில் அடித்தது.

மட்டைக்காரன் மேல் பந்து பட்டால் அவன் சும்மா முதல் பேஸுக்குப் போகலாம். ஏற்கெனவே அங்கே ஆள் இருந்தால் எல்லோரும் ஒரு பேஸ் முன்னால் நகர வேண்டும். அப்படித்தான் நான் மூன்றாவதிலிருந்து ஹோமுக்கு, மட்டைக்காரன் நிற்கும் இடத்துக்கு வந்தேன்; அங்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். ஓடக்கூட இல்லை, நடந்து வந்தேன். கோப்பை எங்களுக்கு. வெற்றி ஓட்டத்தை எடுத்தவன் யாரென்று இந்த ஊரில் கேட்டுப் பாருங்கள், ஒருவனுக்கும் தெரியாது. ஆர்லோவின் எந்தப் பக்கத்தில் பந்து பட்டது, வலதா இடதா என்று கேளுங்கள், நடைவண்டிக் குழந்தைகூடச் சொல்லும்.

ஆர்லோ வீட்டு ஹாலில் உட்கார்ந்து டெனிஸ் பக்குவமாகத்தான் ஆரம்பித்தாள். ஊரின் அன்பு, வரலாறு, வெண்கலம் என்றெல்லாம் சொன்னாள். ஆர்லோ முகம் மலரக் கேட்டுக்கொண்டிருந்தான். படகில் விழுந்த பந்துக்குத்தான் சிலை என்று நினைத்துக்கொண்டான் என்பது எனக்குப் புரிந்தது. சிலையில் படகும் வருமா என்று கேட்டே விட்டான். டெனிஸ் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கடைசியில் அவள் சொல்லி முடித்தாள். ஆர்லோ குரலை உயர்த்தாமலே சொன்னான்.

"ஏம்மா, நான் ஆயிரத்தெட்டுப் பந்து அடிச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு என்னை அடிச்சிருக்கு. நீங்க அதுக்குச் சிலை வைக்கிறீங்க."

"ஜனங்க அதைத்தான் சார் ஞாபகம் வச்சிருக்காங்க."

"அந்தப் பந்தையும் நான் அடிச்சிருப்பேன். அடிக்கத்தான் காலை எடுத்து வச்சேன். அது என்னைத் துரத்திக்கிட்டு உள்ள வந்துடுச்சு."

இதை அவன் ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சலூனில் சொல்லியிருக்கிறான், சர்ச்சில் சொல்லியிருக்கிறான், எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆன அன்று என் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான். கேட்பவர்கள் சிரிப்பார்கள், அல்லது முதுகில் தட்டுவார்கள். கொஞ்சம் குடித்தவர்கள் இன்னும் கீழே தட்டுவார்கள்.

சிலை வேண்டாம் என்று ஆர்லோ தீர்மானமாகச் சொல்லிவிட்டான். அதை மாற்றியது அவன் மனைவி லொரெய்ன். சமையலறையிலிருந்து பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்துடன் வந்தவள் அதை மேஜையில் வைத்துவிட்டு, "இத பாரு ஆர்லோ, மூஞ்சிக்குச் சிலை வைக்கிற அளவுக்கு நீ அழகன் இல்ல. கிடைக்கிறத வாங்கிக்கோ," என்றாள்.

ஆர்லோ ஒரு நிபந்தனை போட்டான். சிலையில் மட்டை உயர்ந்திருக்க வேண்டும், அடிக்கத் தயாராக. டெனிஸ் உடனே ஒப்புக்கொண்டாள். சிற்பி வீட்டுக்கே வந்து படம் எடுத்தார். ஆர்லோ ஹாலின் நடுவில் மட்டையைத் தூக்கிக்கொண்டு, முன்னங்காலை எடுத்து வைத்து, அரைநாள் நின்றான். மறுநாள் அவனால் மாடிப்படி ஏற முடியவில்லை.

நிபந்தனையைச் சிற்பி மீறவில்லை. மட்டை உயர்ந்துதான் இருந்தது. ஊர் ஓட்டுப் போட்ட பாகமும் அதற்குரிய மரியாதையோடு பின்னால் தள்ளிக்கொண்டு இருந்தது. இரண்டும் சேர்ந்து, தேனீ கொட்டிய ஒருவன் அந்தத் தேனீயைத் தேடிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது. திறப்பதற்கு முன்பு எங்களுக்கு மட்டும் காட்டினார்கள். ஆர்லோ சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். லொரெய்ன் மட்டும், தொப்பையை எடுத்துவிட்டார்களே, அதுவே பெரிய உபகாரம் என்றாள்.

திறப்பு விழாவுக்கு எலாடியோ மொந்தேரோவையும் டெனிஸ் அழைத்திருந்தாள். நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தவன் வந்து இறங்கினான். வெளிர்நீல கோட்டு, வெள்ளைத் தொப்பி, கையில் தடி. எறிகிற கையின் தோள்பட்டை கொஞ்சம் இறங்கியிருந்தது. இறுதி ஆட்டத்துக்குப் பிறகு அவன் பெரிய லீக்கில் ஒன்பது வருடம் பந்தெறிந்து பேர் வாங்கியவன். அவனும் ஆர்லோவும் அந்த நாளுக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

மதியச் சாப்பாட்டில் எங்கள் மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். ஆர்லோ விறைத்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தான். எலாடியோதான் முதலில் பேசினான்.

"எங்க ஊர்ல முடிவெட்டப் போனா, பார்பர் இப்பவும் கேக்கிறான். 'எலாடியோ, அந்த ஆள் பின்பக்கம் அவ்வளவு பெருசா, விலக்கி எறியவே முடியலையா?' பெரிய லீக்ல நூறு மேட்ச்சுக்கு மேல ஜெயிச்சேன். யாரும் அதைக் கேக்கிறதில்ல."

ஆர்லோ ரொட்டியைக் கீழே வைத்தான்.

"வேணும்னேதான் எறிஞ்சியா?"

"பைத்தியமா நான்? மூணு பேஸும் நெறஞ்சிருக்கு. பந்து கையில வழுக்கிடுச்சு." சூப்புக் கிண்ணத்தை அருகில் இழுத்துக்கொண்டு சொன்னான்: "நீ அதை அடிக்கப் பார்த்த. உன் கால் முன்னால வந்ததை நான் பார்த்தேன்."

ஆர்லோவின் முகம் மலர்ந்த விதத்தை என்னால் வர்ணிக்க முடியாது. கல்யாணத்தன்றுகூட அவன் அப்படி இருந்ததில்லை. என் கையைப் பிடித்து அழுத்தினான். கேட்டாயா, கேட்டாயா என்று என்னிடம் கேட்டான். நான் கேட்டேன். எலாடியோ அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"அடிச்சிருந்தா ரொம்ப நல்லா இருந்திருக்கும்," என்றான் அவன், சூப்பை உறிஞ்சிக்கொண்டே. "அந்தப் பந்து மட்டையோட கழுத்துலதான் பட்டிருக்கும். உருண்டு நேரா என் கைக்கு வரும். நான் ஹோமுக்கு எறிவேன், இதோ ஹெர்ப் அவுட். அங்கேருந்து முதல் பேஸுக்கு, நீ அவுட். கூடுதல் சுற்றுல நாங்க ஜெயிச்சிருப்போம்."

ஆர்லோ அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

விழாவில் அந்த இறுதி ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று டெனிஸ் கேட்டாள். கூட்டம் முழுக்கக் கை உயர்ந்தது. நாலாயிரம் பேர் உட்காரும் அந்தப் பழைய மைதானத்தில் இத்தனை பேர் எப்படி அடங்கினார்கள் என்று தெரியவில்லை. கை தூக்கியதில் சிலர் 1980க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆர்லோ, தான் அடித்த அடிகளைப் பற்றி ஒரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தான். படகுப் பந்தை எட்டுவதற்குள் கூட்டம், திரும்பு, திரும்பு என்று கத்த ஆரம்பித்தது. அவன் பேச்சு எழுதிய காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். பிறகு திரும்பி நின்றான். அவ்வளவு கைதட்டலை அவன் மட்டையால் ஒரு நாளும் வாங்கியதில்லை.

அடுத்து எலாடியோ மைக்கைப் பிடித்தான். மதியம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன்.

"இந்த மனுஷன் பந்துக்கு முதுகைக் காட்டுனவன் இல்ல. அடிக்க வந்தான். எறிஞ்சவன் நான், நான் பார்த்தேன்," என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைய நாளின் மிகச் சிறந்த ஜோக் அதுதான் என்று மறுநாள் பத்திரிகை எழுதியது.

ஆர்லோவுக்குச் சிரிப்பு காதில் விழவில்லை. அவனைக் குடைந்துகொண்டிருந்தது சூப்பு குடிக்கும்போது வந்த பேச்சு. காரில் வீட்டுக்குப் போகும்போது, மூன்றாவது பேஸிலிருந்து பார்த்தாயே, அந்தப் பந்தை நான் நன்றாக அடித்திருப்பேனா என்று என்னைக் கேட்டான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் ஹோமுக்கு வரும் வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

மறுநாள் காலை அவன் எலாடியோ தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போன் செய்தான். பத்து மணிக்கு நாங்கள் மூவரும் ஆர்லோ வீட்டுத் தெருக்கோடியில் இருக்கும் பள்ளி மைதானத்தில் நின்றோம். லொரெய்ன் மடக்கு நாற்காலியோடு வந்து, ஆம்புலன்ஸுக்கு எந்த நம்பர் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். என்னால் குந்த முடியாது. பின்னால் இன்னொரு நாற்காலி போட்டு கையுறையோடு உட்கார்ந்தேன். பாதி தூரத்திலிருந்து எறிவது என்று ஒப்பந்தம்.

எலாடியோ கோட்டைக் கழற்றி மடித்து வைத்தான். தடியை லொரெய்னிடம் கொடுத்தான். முதல் பந்து என்னிடமே வந்து சேரவில்லை. இரண்டாவது என் தலைக்கு மேலே போயிற்று. மூன்றாவது, எங்கிருந்துதான் வந்ததோ, அதே வளைவோடு உள்ளே வந்தது. ஆர்லோ காலை எடுத்து வைத்தான். மட்டையின் கழுத்தில் டொக்கென்று ஒரு சத்தம். பந்து உருண்டு நேராக எலாடியோவை நோக்கிப் போனது.

எலாடியோ குனியப் பார்த்தான். பாதிவரைதான் குனிய முடிந்தது. பந்து அவன் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து, பின்னால் புல்வெளியில் போய் நின்றது.

"போயிடுச்சு," என்றான் ஆர்லோ. "ரெண்டு பேர் ஹோமுக்கு வந்தாச்சு. ஜெயிச்சாச்சு."

"இருபத்தி ரெண்டு வயசு எலாடியோ அதைப் பிடிச்சிருப்பான்."

"இருபத்தொன்பது வயசு ஆர்லோ அதை மெதுவாவா அடிச்சிருப்பான்?"

தீர்ப்புச் சொல்லும்படி இருவரும் என்னைக் கேட்டார்கள். எனக்கு ஆட்ட விதிகள் மறந்துவிட்டன என்றேன். லொரெய்ன் நாற்காலியை மடக்கிக்கொண்டு, வீட்டில் பொரித்து வைத்த முட்டை ஆறிப்போகும் என்று சொல்லிவிட்டு நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். எலாடியோ அன்று மாலை ஊருக்குக் கிளம்ப வேண்டியவன். அவன் புதன்கிழமைவரை இருந்தான், ஆர்லோ வீட்டு மேல் அறையில். தினமும் காலை பத்து மணிக்கு இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். நான் இரண்டு நாளோடு நின்றுகொண்டேன், முட்டி வலி.