மாதர் சிறுவர் பூங்கா

பாஞ்சாலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைக்கு அண்ணன் வீட்டோடு போய்விட்ட பிறகு, புருஷன் கண்ணாயிரம் இரண்டு முறை போய்க் கூப்பிட்டுப் பார்த்தான். இரண்டு முறையும் சாராயக் கடைக்குப் போய்விட்டுத்தான் போனான். மச்சான் அருணகிரி கதவையே திறக்கவில்லை. அடிபட்டவள் திரும்பிப் போக மாட்டேன் என்றாள். பெற்றவன் பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்று சொல்லப் பெரியவர்களுக்கும் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டவுன் பார்க்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பேசி முடித்தார்கள்.

எந்தப் பார்க் என்று யாரும் கேட்கவில்லை. அருணகிரியின் தெருமுனையில் இருந்தது நகராட்சியின் மாதர் சிறுவர் பூங்கா. பாஞ்சாலை பிள்ளையை அங்கேதான் கூட்டி வந்தாள். உள்ளே ஊஞ்சலும் சறுக்குமரமும், பெண்கள் உட்கார்ந்து பேச வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்சுகளும் இருந்தன. ஆண்களுக்கு அனுமதி இல்லை.

முதல் ஞாயிறு கண்ணாயிரம் குடிக்காமல், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தான். காவல்காரர் சின்னசாமி வாசலில் மறித்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"உங்கள உட்டா நாளைக்கு கண்டவனும் வந்து நிப்பானுங்க. வேலிப் பக்கமா நின்னு பாத்துக்கங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

அப்படித்தான் அது வழக்கமானது. கண்ணாயிரம் வேலிக்கு வெளியே சாக்கடை ஓரமாகக் குந்துவான். மகள் சந்திரகலா உள்ளேயிருந்து ஓடி வந்து கம்பிக்குள் கையை நீட்டுவாள். அவன் தாய் ராணியம்மாள் அவித்துக் கொடுத்த மல்லாட்டையை ஒவ்வொன்றாக உரித்து, வேர்க்கடலையை அந்தக் கையில் வைப்பான். பாஞ்சாலை தூரத்தில் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, தெருவில் சீக்கிரமே நிழல் விழுந்ததும் பிள்ளையைக் கூப்பிடுவாள்.

குடியை அவன் மெல்ல விட்டான். அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. வருஷம் போகப் போக மகள் ஓடி வருவது கம்மியானது. பள்ளிக்கூடத் தோழிகள் சேர்ந்துகொண்டார்கள். மல்லாட்டையை மடியில் வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடுவாள். ஊஞ்சல் ஆடும்போதாவது இந்தப் பக்கம் பார்ப்பாளா என்று அவன் காத்திருப்பான்.

ஒரு மாசி மாதத்து ஞாயிறு, புதிதாக வந்த ஒரு சிறுமி சந்திரகலாவிடம், "யாருடி அவரு?" என்று விசாரித்தது வேலிவரை கேட்டது.

"எங்க மாமாவுக்குத் தெரிஞ்சவரு. மல்லாட்டை கொண்டாந்து குடுப்பாரு" என்றாள் சந்திரகலா. சொல்லிவிட்டுச் சறுக்குமரத்தில் ஏறிப் போனாள்.

பெஞ்சிலிருந்த பாஞ்சாலைக்கும் அது கேட்டது. அவள் எழுந்து, அத்தனை காலத்தில் முதல்முறையாக வேலியருகே வந்து நின்றாள். நரைத்துப்போன அவன் தாடியைப் பார்த்தவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்டான் கண்ணாயிரம்.

"இல்லீங்க. வீட்ல உங்கள பத்திப் பேசறதே இல்ல."

சண்டையாகச் சொல்லியிருந்தால் அவன் திருப்பி ஏதாவது கேட்டிருப்பான். அவள் உள்ளதைச் சொன்னாள். அவன் லுங்கியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனான்.

அடுத்த ஞாயிறும் ராணியம்மாள் பையைக் கையில் கொடுத்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியவனுக்கு அந்தத் தெருவுக்குத் திரும்ப மனம் வரவில்லை. தன்னைப் பார்த்தால் மகள் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். ஊர் நடுவில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த பெரிய பார்க்குக்குப் போனான். அங்கே யாரும் தடுக்கவில்லை. நகராட்சி ரேடியோவின் ஒலிபெருக்கிக் கம்பத்துக்குக் கீழே புல்தரையில் ஆம்பளைகள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். வழக்குக்கு வந்தவர்கள், வேலை கிடைக்காதவர்கள், போக இடமில்லாதவர்கள். அவனும் ஒரு ஓரமாகப் படுத்தான். விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில் யாரோ உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பையைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினான். அவர் ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் தாய் ஆசையோடு விசாரித்தாள்.

"நல்லாத்தான் இருக்கறா. வளந்துட்டா. உன்னை கேட்டா" என்றான்.

ராணியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வாட்டி என்னையும் இட்டுக்கினு போடா. உள்ள பொம்பளைங்கள உடுவாங்க இல்ல? பக்கத்துல உக்காந்து ஒரு தபா தொட்டுப் பாக்கறேன்."

"வெயில் ஜாஸ்தியா இருக்குதும்மா. கொறையட்டும்" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.