ஐந்து விரல் துரு

உப்புத்தாளை நாலாக மடித்து மண்ணெண்ணெயில் தோய்த்து, பழனாத்தாள் ரம்ப மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கனத்த வார்ப்பிரும்பு மேசை; நடுவில் ஒரு பிளவு, அதற்குள் ஓடாமல் நின்றது வட்ட ரம்பம். முதலமடை மாங்காய்ப் பெட்டிக்குப் பலகை அறுக்கும் பட்டறையில் காலை எட்டு மணிக்கு முதல் வேலை இது. துருவை எடுத்து, பழைய வேட்டித் துணியால் துடைத்து, மெழுகுவத்தியைப் படுக்கவைத்து மேசை முழுக்க உரசி, தோள் இறங்கத் துடைத்து மினுக்க வேண்டும். மெழுகு இருந்தால் பலகை வழுக்கிக்கொண்டு ஓடும், ஈரமும் இரும்பில் ஏறாது.

அப்படியும் ஒரு வாரமாகக் காலையில் வந்து பார்த்தால், அறுபட்ட பலகையை அவள் வாங்குகிற பின்பக்கத்தில், செம்மண் நிறத்தில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக.

“பேயி வந்து கை வெச்சுட்டுப் போவுதாட்ட இருக்குதுங்கக்கா,” என்றான் ரம்பம் ஓட்டுகிற கந்தப்பன்.

“வந்தா வரட்டும். அப்படியே தூளக் கூட்டித் தள்ளீட்டுப் போச்சுன்னா தேவல.”

சனிக்கிழமை முதலாளி ஆனந்தகுமார் அதைப் பார்த்துவிட்டார். மிசின் வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை. பொள்ளாச்சி மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கேட்டார். சில பேர் வேர்வைக்கு இரும்பு உடனே துருப்பிடிக்கும் என்றாராம் அவர். மத்தியானம் சாப்பிட்டு எல்லாரும் திரும்பியதும், துடைத்த மேசையில் சாக்பீஸால் நாலு கட்டம் போட்டார் முதலாளி. கந்தப்பனுக்கு ஒன்று, மரம் இறக்கும் ஈஸ்வரனுக்கு ஒன்று, பழனாத்தாளுக்கு ஒன்று, தனக்கும் ஒன்று. அவள் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் கையை வைத்தாள். அதன்பின் ரம்பம் ஓடவில்லை. ஞாயிறு லீவு.

திங்கள் காலை மூன்று கட்டம் சுத்தமாக இருந்தது. அவள் கட்டத்தில் ரேகைகூடத் தெரிந்தது. ஈஸ்வரன் சிரித்தான், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“பாத்துக்க. உன்ற கைதான்,” என்றார் முதலாளி. கோபம்கூட இல்லை குரலில். “நாளைக்கு வேற ஆள் வருது. நீ வெளிய பொட்டிக்கு ஆணி அடி.”

சுத்தியல் ஓங்க முடியாதபடி அவளுடைய வலது தோள் மூட்டு விட்டுப்போய் இரண்டு வருடம். அது அவருக்கும் தெரியும். ஆணியடிக்கப் போ என்றால் ஊட்டுக்குப் போ என்று அர்த்தம்.

அவள் உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்தாள். ஊட்டுத் தோசைக்கல் பதினாறு வருடமாக இந்தக் கையில்தான் இருக்கிறது, துருப்பிடித்ததில்லை. அரிவாளும் துருப்பிடித்ததில்லை. திடீரென்று இந்தக் கைக்கு என்ன கேடு வந்தது?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல முதலாளி வீட்டுக் கொல்லைக்குப் போனாள். ஆறு பீப்பாயில் உப்பு மாங்காய். கரண்டி போட்டால் காய் நசுங்குமென்று கையால்தான் புரட்டிவிட வேண்டும். பட்டறை ஆள்தானே என்று கூலி கிடையாது. உப்புத் தண்ணீரில் கையை முழங்கை வரை விட்டதும் உள்ளங்கை வெடிப்பெல்லாம் எரிந்தது. எரிச்சலோடு நாட்களை எண்ணினாள். பீப்பாய் வந்து பத்து நாள். மேசையில் கை பதிந்ததும் பத்து நாள். கையை உதறியபடியே பட்டறைக்கு ஓடினாள்.

“ஏனுங், இது வேர்வை இல்லீங்க. உங்க ஊட்டு உப்புத்தண்ணீங்க. வெடிப்புக்குள்ள ஏறிக்கிச்சு, கழுவுனாலும் போறதில்லீங்க.”

“மெக்கானிக்கு வேர்வைன்னு சொல்றாரு. அவரவிட உனக்குத் தெரியுமா?”

“ரெண்டு நாளைக்குப் பீப்பாயில கை வெக்காம வந்து பாக்கறனுங்க. அப்பவும் துருப்புடிச்சா நானே போயிக்கறனுங்க.”

“ரெண்டு நாளு மாங்காய ஆரு பொரட்டறது?”

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. ஒருவேளை வேர்வையேதானோ?

சற்று யோசித்துவிட்டு முதலாளி ஆபீஸ் அறைக்குள் போனார். மிசினோடு வந்திருந்த நூல் கையுறை ஜோடியை எடுத்து வந்தார்.

“செரி, போ. இதப் போட்டுட்டு வேல செய். மேசைல வெறுங்கை படக் கூடாது.”

கந்தப்பன் ரம்பத்தடியிலிருந்து நிமிர்ந்தான். “ரம்பத்துக்கிட்ட கையொற ஆகாதுங்க. நூலு பல்லுல மாட்டுச்சுன்னா கையவே உள்ள இழுத்துக்குமுங்க.”

“அப்ப நாளைக்கு வேற ஆளே வரட்டும்.”

“போட்டுக்கறனுங்க,” என்றாள் பழனாத்தாள்.

“மாங்காய்க்குப் போறப்ப கழட்டி வெச்சுட்டுப் போ. உப்புத்தண்ணி பட்டா வீணாயிரும்.”

அவள் மேசையின் பின்பக்கம் போய் நின்று மாட்டிக்கொண்டாள். ஆம்பிளை அளவு. விரல்கள் முடிந்த இடத்துக்கு அப்பால் அரை அங்குலம் வெறும் துணி தொங்கியது. கந்தப்பன் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

“போடு,” என்றார் முதலாளி.

ரம்பம் கூவிக்கொண்டு எழுந்தது. பலகை அறுபட்டு வந்தது. மெழுகில் மினுங்கிய மேசைமேல், ரம்பக் காற்றில், கையுறையின் பத்து வெறும் விரல் நுனிகளும் படபடத்தன.