மாடு இழுத்த ரெக்கவரி வண்டி

ஸ்டார்ட்டரை அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். இன்ஜின் அசையவில்லை.

ராசு இறங்கி பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். கோளாறு எதுவும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். இன்ஜின் டைட்டாக இருந்தது. அவனே அப்படித்தான் கட்டியிருந்தான்.

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில் இருந்த அய்யப்பனின் பட்டறை வண்டி அது. பழைய பட்டாளத்து லாரியில் இரும்புத் தூண் நட்டு, சங்கிலிக் கப்பியும் கம்பி வடமும் மாட்டிய ரெக்கவரி வண்டி. கல்வராயன் மலையில் கவிழும் லாரிகளைத் தூக்க அந்தப் பக்கத்தில் வேறு வண்டி கிடையாது. ஆனால் அதன் பெட்ரோல் இன்ஜின் ஏற்றத்தில் கொதித்து நின்றுவிடும். போன கோடையில் ஒரு லாரியைத் தூக்கப் போய், இந்த வண்டியையே தூக்க இன்னொரு வண்டி சேலத்திலிருந்து வர வேண்டியதாயிற்று. ஊர் சிரித்தது. அய்யப்பன் ஏலத்தில் ஒரு பஸ்ஸின் டீசல் இன்ஜினை எடுத்து வந்து பட்டறையில் இறக்கினான். யானை மாதிரி இழுக்க வேண்டும் என்றான்.

இழுப்பது பெரிசில்லை, பாதியில் நிற்காமல் இருப்பதுதான் பெரிசு என்பது அங்கே மெக்கானிக்காக இருந்த ராசுவின் எண்ணம். பேரிங்குகளில் நீல வர்ணம் தடவி, ஒட்டிய இடத்தையெல்லாம் சுரண்டிச் சுரண்டி உட்கார வைத்தான். சேலத்தில் சிலிண்டரைக் குடைந்து போர் போடும்போது பிஸ்டனுக்கு விடும் இடைவெளியை வழக்கத்தைவிடக் குறைக்கச் சொன்னான். லேத்துக்காரர் தயங்கினார், சூடானால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்றார். முதல் ஆயிரம் மைல் லோடு இல்லாமல் மெதுவாக ஓட்டினால் அது தன் இடத்தைத் தானே தேய்த்துக்கொள்ளும், அப்புறம் பத்து வருசத்துக்குத் திறக்க வேண்டாம் என்று ராசு பிடிவாதம் பிடித்தான்.

இப்போது ஸ்டார்ட்டரால் அதைச் சுற்ற முடியவில்லை. டிராக்டர் கட்டி இழுத்தால் வெட்டி இழுக்கும், கியர் பல் போய்விடும். அதனால் அய்யப்பன் வடக்கனந்தலில் இருந்த தன் அக்காள் புருசன் பூமாலையிடம் சொல்லி, கரும்பு வண்டி மாடுகள் இரண்டு ஜோடியைக் கொண்டுவரச் செய்தான். வண்டியைக் கியரில் போட்டு மாடுகளைப் பூட்டினார்கள். மாடுகள் முட்டி மடங்கி, வாயில் நுரை தள்ளி, அடி அடியாக இழுத்தன. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து, லாரியை இழுக்கிற வண்டியை மாடு இழுக்கிறது என்று கும்மாளம் போட்டார்கள். இருமி இருமி இன்ஜின் பிடித்தது. பூமாலை மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே ராசுவைப் பார்த்தார்.

“இன்னா ராசு, இதுக்கு டீசல் ஊத்தணுமா, தவுடு வெக்கணுமா?”

“ரெண்டும் வேணும்ணே.”

ராசு காலனிக்காரன். பட்டறைக்குள் அவன் பூமாலையை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவரும் ஒன்றும் சொன்னதில்லை.

அது எண்பத்தேழு செப்டம்பர். அந்த வாரமே மறியல் தொடங்கிவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரத்துக்கு எந்த வண்டியும் ஓடக்கூடாது என்று பூமாலையின் சாதிச் சங்கம் சொல்லியிருந்தது. சாலையோரப் புளிய மரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். வடக்கனந்தல் பக்கம் பூமாலைதான் முன்னால் நின்றார். அய்யப்பன் பட்டறையின் கதவில் பாதியை மூடி வைத்தான்.

மூன்றாம் நாள் காலை, சேறு அப்பிய சைக்கிளில் ஆதிமூலம் வந்து இறங்கினான். மலை ரோடு போடும் காண்டிராக்டரின் ஜல்லி லாரி டிரைவர். மூச்சு வாங்கியது. வெள்ளிமலை போகும் வழியில், மூன்றாவது வளைவில், மழையில் லாரி சறுக்கி மண் சுவரில் சாய்ந்துவிட்டது என்றான். சுவரோரம் ஒதுங்கி நின்ற ஒரு பெண்ணின் கால் லாரிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. ஜாக்கி வைத்தால் சேற்றில் இறங்குகிறது. ஜல்லியை அள்ளிக் கொட்டினால் லாரி இன்னும் சாய்கிறது.

“யாரு?” என்றான் ராசு. ரோட்டு வேலைக்குத்தான் அவன் மனைவி இருசம்மாளும் போயிருந்தாள்.

ஆதிமூலம் சைக்கிள் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “உசுரு இருக்குது. ரத்தம்தான் போய்க்கினே இருக்குது.”

மாடு கட்டி இழுத்த அன்று ஓடியதில் இன்ஜின் கொஞ்சம் இளகியிருந்தது. ஸ்டார்ட்டருக்கே பிடித்தது. ராசு ஓட்ட, அய்யப்பனும் ஆதிமூலமும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

வடக்கனந்தலுக்கு முன்னால் பெரிய புளிய மரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. அடிமரம் ஒரு பக்கப் பள்ளத்தில், கிளைகள் மறுபக்கப் பள்ளத்தில். பூமாலையும் பத்துப் பதினைந்து பேரும் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ராசு இறங்கி விசயத்தைச் சொன்னான். ஆட்கள் சுற்றி நின்றதால் அவன் வாயில் அண்ணே வரவில்லை, ஐயா என்றுதான் வந்தது. பூமாலை அதைக் கவனித்தார்.

காலனிக்காரிக்காக ரோட்டைத் திறந்தால் நாளைக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள் என்று கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான். பூமாலை திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் மற்றவர்கள் கேட்டதிலும் ஞாயம் இருந்தது. திறந்து வைத்த இடத்தில் முதலில் வருவது போலீஸ் வேனாகத்தான் இருக்கும்.

பூமாலை முடிவு சொன்னார். மரத்தை இழுத்துக்கொண்டு போகலாம். போனதும் நின்று, அதே மரத்தைத் திரும்ப இழுத்துக் குறுக்கே போட்டுவிட்டு மலை ஏற வேண்டும்.

“இந்த வண்டிக்கு மரம்லாம் ஒரு வேலையா மாமா?” என்றான் அய்யப்பன். ராசு அவனை அடித்துவிடுபவன் போலப் பார்த்தான்.

வடத்தைக் கிளைப்பக்கம் மாட்டி, முதல் கியரில் இழுத்தான். வடம் விறைத்தது. மரம் முனகிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது, இன்னொரு முழம். அப்போது இன்ஜின் சத்தம் மாறியது. கழுத்தை யாரோ பிடித்தது போல அடைத்தது. ராசு கிளட்சை மிதித்தான்.

மரம் பாதி திரும்பி நின்றது. அவன் இன்ஜினை நிறுத்தவில்லை, மெதுவாக ஓடவிட்டான். சூட்டோடு நிறுத்தினால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிவிடும், அப்புறம் எந்த மாடும் சுற்ற முடியாது. ஓடவிட்டால் எண்ணெய் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரும். அதற்குக் காத்திருக்க வேண்டும். வேறு வழியில்லை.

யாருக்கும் புரியவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, பெண்டாட்டி மலையில் நசுங்கிக் கிடக்கிறாள், இவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். ஆதிமூலம் தலையில் கை வைத்துக்கொண்டான். அய்யப்பன் ஆக்சிலேட்டருக்குக் காலை நீட்டினான். ராசு அந்தக் காலைத் தன் காலால் தள்ளினான்.

“மிதிச்சே, பொணத்ததான் தூக்கியாரணும்.”

முதலாளியை அவன் அப்படிப் பேசியதே இல்லை. அய்யப்பன் காலை இழுத்துக்கொண்டான். ராசு கண்ணை மூடி, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். மழை வேறு தூற ஆரம்பித்தது. பூமாலை ஜன்னலருகே வந்து, என்ன ஆயிற்று என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஒரு வாட்டி இழுக்கும்ணே. திரும்ப இழுத்துப் போட்டேன்னா மலையில நின்னுடும். அப்புறம் ஒங்க மாட்டத்தான் நான் மலைக்கு ஓட்டணும்.”

பூமாலை மாடுகள் முட்டி மடங்கியதைப் பார்த்தவர். வண்டியையும் பாதி திரும்பிய மரத்தையும் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து ரோட்டின் நடுவே விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

“மரத்துக்குப் பதிலா நாம குந்திக்கலாம் வாங்கடா. இவன் திரும்பற வரைக்கும்.”

சிலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் உட்கார்ந்தார்கள். இன்ஜின் சத்தம் இளகியபிறகு ராசு மீதியை இழுத்தான். இடைவெளி விழுந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டு, வண்டி தாண்டியதும் மறுபடி உட்கார்வதை ராசு கண்ணாடியில் பார்த்தான்.

மலையில் அவன் ஒரே கியரில், நடக்கிற வேகத்தில் ஏறினான். இரண்டாவது வளைவில் நின்று, இன்ஜினை ஓடவிட்டபடியே ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மூன்றாவது வளைவில் இருசம்மாள் மண் சுவரில் சாய்ந்து, முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்த பெண்கள் தொடைக்கு மேல் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ராசுவைப் பார்த்ததும் அவள் வண்டியைப் பார்த்தாள்.

“லோடு ஏத்தக்கூடாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியே. இப்ப இன்னாத்துக்கு இத்த கொண்டாந்தே?”

ராசு லாரியின் மேல் சட்டத்தில் கப்பியை மாட்டி, வடத்தை அதில் கோத்து நுனியைப் பாறையில் கட்டி, இழுப்பைப் பாதியாகக் குறைத்தான். வண்டி ஓரடி போனால் லாரி அரை அடி நிமிரும். நிமிர்ந்தது. இன்ஜின் ஒருமுறை அடைத்தது. அவன் கிளட்சை மிதிக்க முடியாது, விட்டால் லாரி திரும்பச் சாயும். பல்லைக் கடித்துக்கொண்டு அதே வேகத்தில் விட்டான். சத்தம் அடைத்து, அடைத்து, பிறகு தானே திறந்துகொண்டது. பெண்கள் இருசம்மாளை இழுத்து எடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது மரத்தடியில் யாரும் இல்லை. ரோட்டில் செருப்புகள் சிதறிக் கிடந்தன. பூமாலையின் மனைவி ஆண்டாள் அவற்றைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். போலீஸ் வேன் வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை, அடித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள்.

“மரம் கெடந்திருந்தா வேன் அங்கியே நின்னிருக்கும். இவங்களும் கொல்லப்பக்கம் ஓடியிருப்பாங்க.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. பின்னால் படுத்திருந்த இருசம்மாளை எட்டிப் பார்த்தாள். “போ, போ. மொதல்ல ஆசுபத்திரிக்கி போ.”

காலை எடுக்க வேண்டியதில்லை என்று ராத்திரி டாக்டர் சொன்னார். ராசு ஆசுபத்திரி வராந்தாவிலேயே கிடந்தான். விடிந்ததும் பட்டறைக்கு வந்து, அய்யப்பன் வருவதற்குள் பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைத் தொட்டும் தொடாமலும் தளர்த்தி வைத்தான். அவன் எதிர்பார்த்த மாதிரியே ஜீப் வந்தது. ரோட்டில் கிடக்கும் மரங்களையெல்லாம் இந்த வண்டிதான் இழுத்துப் போட வேண்டும் என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

“இன்ஜின் டைட்டாயிடுச்சிங்க சார்,” என்றான் ராசு.

அவர் தானே ஏறி ஸ்டார்ட்டரை அழுத்தினார். டக். மறுபடி டக். நேற்று மலையேறிய வண்டிதானே என்று கேட்டார். அதில்தான் சார் பிடித்துக்கொண்டது என்றான் ராசு. ஏமாற்றினால் ரெண்டு பேரையும் உள்ளே தள்ளுவேன் என்று சொல்லிவிட்டு, முதலில் இதை எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டார்.

“மாடு கட்டி இழுத்தோம் சார்.”

“யார் மாடு?”

“பூமாலைன்னு, வடக்கனந்தல்ல. நேத்து ஒங்க வேன்ல ஏறனாருங்க.”

அய்யப்பன் ராசுவைப் பார்த்தான். புரிய ஒரு நிமிசம் பிடித்தது அவனுக்கு. பிறகு அவனும் சேர்ந்துகொண்டான். அந்த மாடுகள் வேற்றாளைக் கண்டால் முட்டும் என்றான். டிராக்டர் கட்டினால் பல் போய்விடும் என்று முழு வண்டியையும் சுற்றிக் காட்டி விளக்கினான். சப் இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். ஆளைக் கொண்டுவரப் போகிறாரா, இன்னும் நாலு போலீஸைக் கொண்டுவரப் போகிறாரா என்று தெரியாமல் இருவரும் டீகூடக் குடிக்காமல் நின்றார்கள்.

மத்தியானம் பூமாலை வந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கூட ஒரு போலீஸ்காரர். பின்னாலேயே ஆண்டாள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். எந்த மாடும் அவளை முட்டவில்லை. போலீஸ்காரர் அதைக் கவனிக்கவில்லை.

“எங்க மரத்த எங்க மாட்டாலயே இழுக்கத்தான் என்ன வெளிய கொண்டாந்தியா?” என்றார் பூமாலை.

“மொதல்ல பூட்டுங்கண்ணே.”

பூட்டினார். ராசு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, கியரைத் தொடாமல் நியூட்ரலிலேயே விட்டான்; கியர் விழாவிட்டால் சக்கரம் மட்டும்தான் உருளும், இன்ஜின் சுற்றாது. மாடுகள் கிளம்பின. முட்டி மடங்கவில்லை, நுரை தள்ளவில்லை, வெறும் வண்டியை இழுப்பது போல லேசாக நடந்தன. பூமாலை நாலு எட்டு போனார். நின்றார். திரும்பித் தன் ஒரு கண்ணால் ராசுவைப் பார்த்தார். பிறகு தார்க்குச்சியை ஓங்கி, பெரிய பாரம் இழுக்கிற மாடுகளை அதட்டுவது போலக் கத்தினார்.

“ஏய், ஏய்! நல்லா தம் புடிச்சி இழு!”

மாடுகள் ரோட்டின் கோடிவரை போய்த் திரும்பின. இன்ஜின் பிடிக்கவில்லை. போலீஸ்காரர் டீக்கடை நிழலில் போய் உட்கார்ந்தார். பூமாலை மறுபடியும் கத்தினார்.