ஆர்டன்வேலுக்கு ஓர் இலக்கு விலை

ஒரு நிறுவனத்தின் மதிப்பு தனக்குத் தெரியாது என்று பங்கு ஆய்வாளர் எவரும் சொல்வதில்லை. அந்த முதலீட்டு வங்கியின் கையேட்டில் இப்படியொரு விதி எழுதப்பட்டிருக்கவில்லை. எனினும் ஆய்வாளர்கள் அமர்ந்த இருபத்திரண்டாம் மாடியில் அதை மீறியவர் ஒருவரும் இல்லை. சந்தை சரிந்தால், பங்கு ஓராண்டில் எட்டும் என்று கணித்துச் சொல்லும் இலக்கு விலையைக் குறைக்கலாம். மீண்டும் சரிந்தால் மீண்டும் குறைக்கலாம். ஆனால் ஏதேனும் ஓர் எண் இருந்தாக வேண்டும், அதுவும் அன்றைய விலைக்கு மேலே.

அங்கே ஆய்வாளராக இருந்த ரெனாட்டா கோர்ஸ்கி ஐந்தாண்டுகளாக அப்படித்தான் எழுதிவந்தாள். அவள் பொறுப்பிலிருந்த ஆர்டன்வேல், தொலைபேசி நிறுவனங்களுக்கு இணையக் கருவிகள் விற்கும் நிறுவனம். 2000 மார்ச்சில் எண்பத்துநான்கு டாலருக்குப் போன பங்கு, 2001 ஏப்ரலில் பதினொன்றுக்கு வந்திருந்தது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் திவால்; மற்றவர்கள் வாங்கிய கருவிகளைப் பெட்டிகூடப் பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தார்கள்.

பிற்பகலில் ஆய்வுப் பிரிவின் தலைவர் லூமிஸ், பாதி தின்ற பேகல் ரொட்டியோடு அவள் மேசை விளிம்பில் வந்து உட்கார்ந்தார்.

"ஆர்டன்வேலுக்கு இலக்கு பதினெட்டு வந்துச்சா?"

"நான் இன்னும் கணக்கே போடல."

"பதினெட்டுன்னு முதல்ல வச்சுக்க. காரணமெல்லாம் பின்னாடியே வந்து உக்காந்துக்கும். என்னைக்காவது வேற மாதிரி நடந்திருக்கா?"

நடந்ததில்லை. அவர் போன பிறகு அவள் முதன்முறையாகக் கணக்கை நேர்வழியில் போட்டுப் பார்த்தாள். அடுத்த ஆண்டு விற்பனை பத்து விழுக்காடு வளர்ந்தால் பங்கின் மதிப்பு முப்பத்தொன்று. அப்படியே நின்றால் பதினான்கு. இன்னும் கால்பங்கு குறைந்தால், கடன் கொடுத்தவர்களுக்குப் போக நாற்பது சென்ட்தான் மிஞ்சும். இம்மூன்றில் எது நடக்கும் என்று கருவிகளை வாங்கும் நிறுவனங்களுக்கே தெரியவில்லை; தொலைபேசியில் கேட்டபோது இருவர் சிரித்தார்கள், ஒருவர் அவளிடமே வேலை கேட்டார்.

அந்நேரம் அவள் அப்பா காசிமிர் அழைத்தார். முப்பதாண்டுகள் சுரங்க ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். நகரின் கிரீன்பாயிண்ட் பகுதியில் தனியாக இருந்தார்.

"ரெனி, பதினொண்ணுக்கு வந்துடுச்சு, பாத்தியா?"

"பாத்தேன்பா."

"உன் அறிக்கையில இன்னும் 'வாங்கலாம்'னுதான் இருக்கு. எண்பதுலயே நல்ல சரக்குன்னா, பதினொண்ணுல கசக்குமா? அம்மாவோட இன்சூரன்ஸ் பணம் சும்மாத்தானே கிடக்கு. மொத்தத்தையும் இதுல போட்டுடலாம்னு பாக்கறேன்."

"கொஞ்சம் பொறுங்கப்பா."

"எதுக்கு? ஏறினப்புறம் வாங்கறதுக்கா?"

"அதைப் பத்தி நான் பேசக் கூடாது."

"பெத்த அப்பன்கிட்டகூடவா?"

"உங்ககிட்டதான் முக்கியமா பேசக் கூடாது."

அவர் சிரித்தார். "சரி, வாயத் திறக்காத. நாளைக்குக் காலையில உன் புது அறிக்கை வருமில்ல? நீ போடற நம்பர் எனக்குப் போதும்."

வெளியிடாத கருத்தைத் தனியாக ஒருவர் காதில் போடக் கூடாது என்பது எழுதப்பட்ட சட்டம். ஊரறியச் சொன்னால் மட்டுமே அவருக்கும் சொல்லலாம். ஊரறியச் சொல்லவோ அவளிடம் எண் இல்லை.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு அன்று வெளியாகும் அறிக்கையை அவள் வாயால் கேட்க, எல்லாக் கிளைகளின் பங்கு விற்பனையாளர்களும் ஒலிபெருக்கி இணைப்பில் காத்திருந்தார்கள். ஒலிவாங்கியை அவள் பக்கம் தள்ளினான் விற்பனைத் தலைவன் டெடெஸ்கோ.

"சுருக்கமா முடி, ரெனாட்டா. பசங்க இன்னும் காபியே குடிக்கல."

அவள் தாளைப் பார்த்தாள். லூமிஸின் கையெழுத்தில் பதினெட்டு என்றிருந்தது.

"ஆர்டன்வேல்," என்றாள். "இலக்கு விலை..."

கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து லூமிஸ் ஒரு விரலையும், பின் எட்டு விரல்களையும் காட்டினார். அவள் தொடர்ந்தபோது குரலில் துணிவு என்று எதுவும் இல்லை. கைப்பிடியெல்லாம் நழுவிவிட்டவளின் குரலாக இருந்தது.

"இலக்கு விலை கிடையாது. 'வாங்கலாம்'னு போட்டிருந்ததையும் எடுத்துடறேன். முப்பது பெறலாம், ஒண்ணுமே பெறாமலும் போகலாம். இந்தக் கம்பெனிக்கு என்ன மதிப்புன்னு எனக்குத் தெரியல."