ஆடிக்கொண்டே நின்ற வண்டி

தையல்காரம்மா நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஆசைக்காக அல்ல. கணவருக்குக் கண் ஆபரேஷன் நடந்து, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி வாசலில் தூசி வாங்கிக்கொண்டு நின்றது. சரி, நாமே ஓட்டுவோம் என்று இறங்கினாள். ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் பிடித்துப்போனது. தைத்த துணியைக் கடைகளுக்குக் கொண்டுபோகவும் மகளைக் கல்லூரியில் விடவும் யார் தயவும் வேண்டாம் என்பதே அவளுக்கு ஒரு முழம் உயரம் கூட்டியது.

கூட ஏறியவர்கள்தான் அந்தச் சந்தோஷத்தில் பங்கு கேட்கவில்லை. பிரேக் போட்டால் வண்டி மூக்கு தரையில் இடிப்பது போலக் குனிந்தது. வேகத்தடையைத் தாண்டினால் அடுத்த தெருமுனை வரை தலையாட்டிக்கொண்டே போனது. மகள் மடியில் பிளாஸ்டிக் பையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கணவர் தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "பிரேக்கு, பிரேக்கு" என்று ஜபம் செய்தார்.

"நான் ஒன்பது வருஷம் ஓட்டினேன். யாராவது வாந்தி எடுத்தாங்களா?"

எடுத்தார்கள். அவர் ஓட்டும்போது மகள் வாந்தி எடுத்தால் அது ஓட்டல் சாப்பாட்டின் குற்றம். இவள் ஓட்டும்போது எடுத்தால் இவள் காலின் குற்றம். வழுக்குகிற பட்டில்கூட ஒரு தையல் பிசகாமல் மெஷினை நிறுத்தத் தெரிந்த கால் அது. அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "வண்டியிலதான் ஏதோ கோளாறுங்க" என்று சொல்லிவிட்டாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் கணவர். மகளும் சிரித்துவிட்டாள். கணவர் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்து வண்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதென்று முடிவானது. அவளும் சரி என்றுவிட்டாள். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும். தனக்கு ஓட்ட வரவில்லை என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு முறை துணி கொடுக்கப் போனாள். கார் நிறுத்துமிடத்தில் கனத்த மூட்டையை இறக்கி, பிடி மாற்றிக்கொள்ள பானெட் மேல் பொத்தென்று வைத்தாள். வண்டி குனிந்தது, எழுந்தது. மறுபடி குனிந்தது, மறுபடி எழுந்தது. எஞ்சின் ஓடவில்லை, உள்ளே யாரும் இல்லை, அவள் கால் தரையில் இருந்தது. வண்டி தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே நின்றது.

பக்கத்தில் அதே அளவில் இன்னொரு வண்டி நின்றது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதன் மூலையையும் பலமாக அமுக்கி விட்டாள். அது ஒருமுறை எழும்பி, அடங்கி நின்றுவிட்டது. தன் வண்டியை இன்னொரு தடவை அமுக்கினாள். அது விடாமல் தலையாட்டியது. அவளுக்குக் கோபமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது, கூடவே கொஞ்சம் அழுகையும். மூட்டையைக் கடையில் போட்டுவிட்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டினாள்.

"புதுசா ஓட்டுறீங்களாம்மா? பழகப் பழகச் சரியாயிடும்" என்றார் மெக்கானிக், ஏறிட்டும் பாராமல்.

"இப்ப நான் ஓட்டலைங்க. வண்டி சும்மாதான் நிக்குது. அமுக்கிப் பாருங்க."

அமுக்கினார். உடனே வண்டியைத் தூக்கி முன்சக்கரங்களைக் கழற்றினார். சக்கரத்துக்குப் பின்னால், சுருள் ஸ்பிரிங்குக்கு நடுவே நின்ற ஷாக் அப்சார்பர் மேலிருந்து கீழ்வரை எண்ணெயில் நனைந்து புழுதி அப்பிக்கிடந்தது. டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஓரமெல்லாம் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது.

"எண்ணெய் எல்லாம் ஒழுகிப்போச்சும்மா. ஸ்பிரிங் துள்ளுனா அடக்க ஆளில்ல. யாரு இத வேகத்தடையில பறக்க விட்டது?"

வேகமாக ஏற்றி இறக்கினால் மேடே தெரியாது என்பது ஒன்பது வருடமாகக் கணவரின் சித்தாந்தம். "குடும்பத்துல ஒருத்தர்" என்றாள். புருஷனை வெளியாரிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது, வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளலாம்.

"இடது பக்கம்தான் மோசமா இருக்கு. அத மட்டும் மாத்தினா போதுமா?"

"ஒரு கால்ல புதுச்செருப்பு, ஒரு கால்ல தேஞ்ச செருப்பு போட்டுட்டு நடப்பீங்களா? முன்னாடி ரெண்டையும் மாத்திடுவோம். பின்னாடி நல்லாத்தான் இருக்கு."

ஸ்பிரிங்கைக் கிளாம்ப் போட்டு இறுக்கும்போது அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். நழுவினால் ஆளையே அடித்துப்போடுமாம். தள்ளி நின்றாலும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். புதியவை ஏறி, சக்கரங்களின் அலைன்மென்ட்டும் பார்த்து முடிந்ததும், பழையதில் ஒன்றைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற நேர்வழியில் வேகத்தடை கிடையாது. அதனால் சுற்றுவழியில் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்து காபி குடிக்கும்போது, பழைய ஷாக்கைக் கணவர் முன்னால் வைத்தாள்.

"அந்தக் கம்பிய உள்ள அமுக்கிப் பாருங்க."

அமுக்கினார். தடையே இல்லாமல் உள்ளே போனது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

"கூடம் கோணல்தாங்க" என்றாள்.

"ஒன்பது வருஷம் ஓடினா எதுவும் தேயும்" என்று கணவர் ஷாக்கைப் பார்த்தே பதில் சொன்னார்.

"தேயட்டும். தம்பி, ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சாவிய எடுத்துக்கங்க."

எல்லோரும் ஏறினார்கள். மகள் பையை விரித்தாள். கணவரின் கைகள் கைப்பிடிக்குத் தாமாகப் போயின. முதல் வேகத்தடையில் வண்டி ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான். சிக்னலில் அவள் பிரேக்கை மிதித்தாள், நேராக நின்றது. இன்னும் இரண்டு தெரு தாண்டியதும் பின்னால் பை மடிகிற சத்தம் கேட்டது. மகள் அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சதுக்கு சாரிம்மா" என்றாள்.

கணவரும் ஏதாவது சொல்வார் என்று தையல்காரம்மா காத்திருந்தாள். திரும்பிப் பார்த்தால், கைகள் கைப்பிடியிலிருந்து நழுவி மடியில் கிடக்க, வாய் திறந்து மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் முன்னால் குனிந்து, அண்ணனை எழுப்பாத குரலில் பேசினார்.

"அண்ணி, வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். என்னை பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுடுங்க."

பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினாள். கணவர் விழிக்கவில்லை.