தறிக்குழியில் எட்டு உருண்டைகள்

செவ்வாய்க்கிழமை ஆய்வுக்குழு கூடுகிறது. அதற்குள் ஓர் உருண்டையாவது உயிராக எழுந்து காட்டாவிட்டால் ஏலவார்குழலியின் முனைவர் பட்டத் தலைப்பையே மாற்றிவிடுவார்கள். மூன்று வருஷ உழைப்பு குப்பைக்குப் போகும்.

கேட்பதற்கு அவள் வேலை விளையாட்டு மாதிரிதான் இருக்கும். தாமல் ஏரிப் பாசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரா என்கிற சின்ன உயிரை எடுத்து வந்து, செல் செல்லாகப் பிரித்து, மாவு போலக் கலக்கிவிடுவாள். அந்தக் கலவையைச் சுழலவிட்டுக் கடுகளவு உருண்டைகளாக்குவாள். பிறகு செல்கள் தாங்களே தோலாக, குடலாக, தலையாக இடம் பிடித்து மறுபடி ஹைட்ரா ஆக வேண்டும். மற்றவர்கள் கையில் ஆகிறது. குழலியின் கையில் மட்டும் மூன்றாம் நாள் கரைந்துவிடும். நாற்பத்தோரு முறை கரைந்தாயிற்று.

நாற்பத்திரண்டாவது முறை உருண்டை பிடித்த மறுநாள், வியாழக்கிழமை, மழைத்தண்ணீர் ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்தது. மின்சாரமும் போனது. எட்டு உருண்டைகள் இருந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் சிவபாலனின் தறி அப்போது சும்மா இருந்தது. நெய்பவர் காலை விட்டு உட்காரும் தறிக்குழியில் சூடும் ஏறாது, குளிரும் ஏறாது. தட்டை அங்கேதான் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆய்வுக்கூடத் தண்ணீரை இறைத்துவிட்டு மதியம் திரும்பியபோது, திங்கட்கிழமை வர வேண்டிய புதுப்பாவு, தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், முன்னதாகவே வந்திருந்தது. அண்ணி சங்கரியும் பக்கத்து வீட்டு இளவரசியும் தறிக்கு முன்னால் உட்கார்ந்து, பழைய பாவின் நுனியையும் புதுப்பாவின் நுனியையும் இழை இழையாக முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் இழை. பிணைத்து முடிகிற வரை குழியில் யாரும் இறங்கக் கூடாது என்பது அந்த வீட்டுக் கட்டளை. தறி ஓர் ஆட்டம் ஆடினால் போதும், பத்து இழை அறுந்துவிடும்.

"அண்ணி, ஒரு நிமிஷம் குழிக்குள்ள இறங்கிக்கிறேன்."

"எறங்கு. அறுந்த இழையெல்லாம் நீயே பிணைச்சிட்டுக் காலேஜுக்குப் போ."

"என் உருண்டைங்க உள்ள இருக்குது."

"அதுங்க இன்னா சோறா கேக்குது?" என்றான் சிவபாலன்.

"ஓரத்துல செல்லெல்லாம் உதிரும்ணா. ஊசியால உள்ள தள்ளிவிடணும்."

"தள்ளலன்னா?" என்றாள் சங்கரி, முறுக்குவதை நிறுத்தாமல்.

"கரைஞ்சிடும்."

"தள்ளினா?"

குழலி பழைய தட்டுகளை மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். தள்ளியும் கரைந்துதானே போயிற்று?

ஒன்பது வயதில் இழை பிணைக்கக் கற்றவள் அவள். அறுந்த இழையைக் கண்டால் அந்த வீட்டில் கண்ணுக்கு முன்னால் கை போய்விடும். உதிர்ந்த செல்லைக் கண்டபோதும் கை போயிற்று. நாற்பத்தோரு முறையும் போயிற்று. அதை அவள் குறிப்பேட்டில்கூட எழுதியதில்லை. மூச்சு விட்டதை யாராவது எழுதுவார்களா?

இரண்டு நாள் அவள் தறியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசி இழை முடிந்ததும் குழிக்குள் இறங்கினாள். தட்டுக்குள் செத்த செல்கள் சாம்பலாகக் கிடந்தன. கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள்.

சாம்பலுக்கு நடுவே வழவழவென்று முத்துப் போல ஆறு உருண்டைகள்; மற்ற இரண்டு கரைந்திருந்தன. வெளியே கண்ணாடி போல ஒரு தோல், உள்ளே செம்பழுப்பாக இன்னொன்று. வேண்டாததை அவையே வெளியே தள்ளியிருந்தன. அவள் தினமும் உள்ளே திணித்தது அதைத்தான். ஓர் உருண்டையின் உச்சியில் நூலைவிட மெல்லிய நாலு கைகள் முளைத்து, தண்ணீரில் எதையோ துழாவின.

சங்கரி குழலியின் கையிலிருந்த கண்ணாடியை வாங்கிக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"மாவாக் கரைச்சதுதானே இது?"

"ஆமா அண்ணி."

"அப்புறம் நீ தலை, நீ வயிறுன்னு அதுங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல. பக்கத்துல இருக்கிறதைத் தொட்டுப் பாத்துக்கினு அதுங்களே தேடிப் போயிருக்குதுங்க." மூன்று வருஷமாகக் குழலி புத்தகத்தில் படித்து, மேடையில் பேசிய வாக்கியம்தான். இன்றுதான் முதல்முறை கேட்பது போலிருந்தது.

சிவபாலனும் பார்த்தான். செருப்பில்லாத காலைக்கூட ஓசைப்படாமல் பின்னுக்கு வைத்து நகர்ந்தான்.

குழலி தன் ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் கலியாணசுந்தரத்துக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் கேட்டார், "முன்னாடி கரைஞ்சதுக்கெல்லாம் என்னம்மா காரணம் எழுதப் போற?"

தண்ணீர் சரியில்லை, சூடு சரியில்லை என்று எழுதித் தப்பித்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"என் கைதான் சார். தொட்டுக்கினே இருந்திருக்கேன். மறுபடி பாதியைத் தொட்டு, பாதியைத் தொடாம செஞ்சு பார்க்கணும்."

"செவ்வாய்க்கிழமை அதையே முதல்ல சொல்லு. தலைப்பு எங்கேயும் போகாது" என்றார் அவர்.

போனை வைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். இரண்டாவது உருண்டையில் ஒரு புடைப்பு தெரிந்தது. அது கையா, தலையா என்று இன்னும் சொல்ல முடியவில்லை. குழலி இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.